ஃபோகஸ் தெரியாதவர் என்று கேலி செய்யப்பட்ட ஜூலியா மார்கரெட் கேமரன்: அப்பர்ச்சர் அவர் படங்களில் என்ன செய்தது?

மொபைலில் போர்ட்ரெய்ட் மோடைப் போட்டு நண்பரைப் படம் எடுக்கிறீர்கள். முகம் தெளிவாக வருகிறது, பின்னால் இருக்கும் டீக்கடை மங்கிப்போகிறது. சூப்பர்! ஆனால் கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்கள். காதோரம் பறக்கும் முடியில் பாதியைக் காணோம். கண்ணாடி ஃபிரேமின் ஒரு ஓரம் பின்னணியோடு சேர்ந்து கரைந்திருக்கும். காரணம், அந்த மங்கலில் பெரும்பகுதி லென்ஸ் தந்தது அல்ல. எது ஆள், எது பின்னணி என்று மென்பொருள் ஊகித்துப் பூசியது.

இதே மங்கலைச் சுமார் 160 வருஷத்துக்கு முன்னால், மென்பொருள் எதுவும் இல்லாமல், வெறும் கண்ணாடியையும் பித்தளைக் குழாயையும் வைத்து எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். அன்றைய புகைப்பட வல்லுநர்கள் அவரைப் பாராட்டவில்லை. இந்த அம்மாவுக்கு ஃபோகஸ் பண்ணவே தெரியவில்லை என்றார்கள். உண்மையிலேயே தெரியவில்லையா? அதற்குப் பதில் சொல்ல, அவர் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும், லென்ஸில் இருக்கும் ஒரு துளையையும் பார்க்க வேண்டும்.

கல்கத்தாவில் பிறந்தவர்

ஜூலியா பிறந்தது 1815 ஜூன் 11 அன்று, கல்கத்தாவில். அப்பா ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அம்மா பிரெஞ்சு வம்சாவளி. சின்ன வயதுப் படிப்பு பெரும்பாலும் பிரான்ஸில், பாட்டி வீட்டில். உடல்நிலை சரியில்லாமல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு ஓய்வுக்குப் போனபோது இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் சார்லஸ் ஹே கேமரன். ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர், சட்ட அறிஞர். 1838-ல் கல்கத்தாவில் இவர்களுக்குத் திருமணம் நடந்தது. (பெயரிலேயே கேமரா இருக்கிறதே என்று தோன்றலாம். அது தற்செயல்தான், கணவர் வழியில் வந்த ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்.) இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு இந்த சார்லஸைத் தெரிந்திருக்கும். கோல்புரூக் - கேமரன் சீர்திருத்தம் என்று பாடப்புத்தகத்தில் வருகிற கேமரன் இவர்தான்.

இன்னொருவர் ஜான் ஹெர்ஷல். தென்வானத்து நட்சத்திரங்களை ஆராய அங்கே தொலைநோக்கியோடு வந்திருந்த விஞ்ஞானி. எடுத்த படம் வெளிச்சத்தில் மங்கிப்போகாமல் நிலைநிறுத்த ‘ஹைப்போ’ உதவும் என்று காட்டியவர். புகைப்படம் என்ற ஒன்றே புதிதாக இருந்த காலத்தில், அதன் மாதிரிகளை ஜூலியாவுக்குக் கடிதத்தோடு அனுப்பி அறிமுகப்படுத்தியவரும் இவர்தான். ஆனாலும் ஜூலியா தன் கையால் கேமராவைத் தொட அதன்பிறகு 20 வருஷத்துக்கு மேல் ஆனது.

கணவர் ஓய்வு பெற்றதும் குடும்பம் இங்கிலாந்துக்கு மாறியது. 1860-ல் வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் வீடு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டென்னிசன். வீட்டுக்கு வைத்த பெயர் ‘டிம்போலா’. இலங்கையின் திம்புள்ளப் பகுதியில் அவர்களுக்கு இருந்த காபித் தோட்டத்தின் நினைவாக வைத்தது. அந்தத் தோட்டம் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

48 வயதில் ஒரு பரிசு

1863 டிசம்பர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கை போயிருக்கிறார். தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு பெரிய மரக் கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு 48 வயது. சொல்லித்தர ஆசிரியர் கிடையாது. கரி போட்டுவைக்கும் அறை டார்க் ரூம் ஆனது. கண்ணாடி வைத்த கோழிக் கொட்டகை ஸ்டூடியோ ஆனது. கோழிகளைத் திறந்துவிட்டோம், யாரும் சமைத்துச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

அன்றைக்குப் படம் எடுப்பது நம்மைப்போல் ஒரு தட்டு தட்டுகிற வேலை இல்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிச் சீராகப் பரப்ப வேண்டும். சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் விட வேண்டும். விரல், உடை எல்லாம் கறுத்துவிடும். 1864 ஜனவரியில் ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியை எடுத்த படம்தான் முதல் வெற்றி என்று அவர் குறித்துவைத்தார். கேமரா கைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அந்த வருஷமே லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டார். எதிர்ப்பும் கூடவே வந்தது. அவருடைய படங்களில் தகட்டில் பட்ட விரல்தடம் தெரியும், கீறல் தெரியும், சில இடங்களில் தூசு தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், ஃபோகஸ் இல்லை! புகைப்படம் என்றாலே ஓவியனால் முடியாத அளவுக்குத் துல்லியம் என்று நம்பியிருந்த சங்கத்து ஆட்களுக்கு இது பொறுக்கவில்லை. சங்கத்தின் இதழிலேயே கடுமையாக எழுதினார்கள்.

சரி, அந்தத் துளை விவகாரம் என்ன?

லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் வழிதான் அப்பர்ச்சர். எஃப்/2, எஃப்/8 என்று எழுதுவது உண்மையில் ஒரு வகுத்தல் கணக்கு. ‘எஃப்’ என்பது லென்ஸின் குவியத் தூரம், அதாவது ஃபோகல் லென்த். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுக்க வேண்டும். துளையின் அகலம் 25 மி.மீ. அதே லென்ஸில் எஃப்/8 என்றால் 6 மி.மீ.-க்குக் கொஞ்சம் அதிகம். கீழே உள்ள எண் பெரிதானால் துளை சிறிதாவது இதனால்தான். புதிதாகக் கேமரா வாங்கும் எல்லோரையும் ஒருமுறையாவது குழப்புகிற விஷயம் இது.

லென்ஸ் ஒரு குறிப்பிட்ட தூரத்தை மட்டும்தான் கச்சிதமாகப் பதிக்கும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற அந்த முன்-பின் இடைவெளிக்குப் பெயர்தான் டெப்த் ஆஃப் ஃபீல்ட். துளை அகலமாக இருந்தால் ஒளிக்கதிர்கள் அகலமான கூம்பு மாதிரி வந்து குவியும். குவியும் இடத்திலிருந்து சற்று விலகினாலும் புள்ளி வட்டமாகப் பரந்துவிடும். துளை சிறிதானால் கூம்பு ஒல்லியாகும், விலகினாலும் வட்டம் பெரிதாகாது. அவ்ளோதான்.

நண்பர் யாரிடமாவது பழைய மேனுவல் லென்ஸ் இருந்தால் ஒரு மணி நேரம் கடன் வாங்குங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை மாட்டி, 1 மீட்டர் தூரத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். எஃப்/1.8-ல் தெளிவாக வரும் ஆழம் சுமார் 4 செ.மீ.தான். கண் தெளிவு, காது மங்கல். வளையத்தை எஃப்/8-க்குத் திருப்பினால் சுமார் 20 செ.மீ. தலை முழுக்கத் தெளிவாகிவிடும். அந்த லென்ஸின் உடம்பில் ஃபோகஸ் குறிக்கு இரண்டு பக்கமும் 4, 8, 16 என்று கோடுகள் போட்டிருப்பார்கள். எங்கிருந்து எங்கே வரை தெளிவு என்று அந்தக் கோடுகளே சொல்லிவிடும். எந்த ஆப்பும் வேண்டாம்.

இப்போது ஜூலியாவிடம் வருவோம். 1866-ல் அவர் பெரிய கேமரா ஒன்று வாங்கினார். கண்ணாடித் தகடு 15 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலம். கிட்டத்தட்ட ஒரு லேப்டாப் ஸ்கிரீன். லென்ஸ், டால்மேயர் கம்பெனியின் ‘ரேப்பிட் ரெக்டிலீனியர்’. குவியத் தூரம் 30 அங்குலம், அதாவது 762 மி.மீ. அப்பர்ச்சர் எஃப்/8.

எஃப்/8-ஆ? அதில்தான் எல்லாமே தெளிவாக வருமே! இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். 762-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். துளையின் அகலம் 95 மி.மீ. உங்கள் ஏடிஎம் கார்டின் நீளத்தைவிட அதிகம். உங்கள் மொபைலில் எஃப்/1.8 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அதன் மெயின் கேமராவின் உண்மையான குவியத் தூரம் 6, 7 மி.மீ.தான். வகுத்தால் துளை 4 மி.மீ.-ஐக்கூடத் தொடாது. கொத்தமல்லி விதை அளவு. எஃப் எண், வெளிச்சம் எவ்வளவு என்பதை ஒப்பிட நல்ல அளவுகோல். வேறு வேறு கேமராக்களில் பின்னணி எவ்வளவு மங்கும் என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. துளை நிஜத்தில் எத்தனை அகலம், ஆளிடம் எத்தனை நெருங்குகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அவர் நெருங்கினார். அந்தக் காலத்தில் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரின்ட் போடும் பழக்கம் அவரிடம் இல்லை. தகட்டைத் தாளின்மேல் அப்படியே வைத்து வெயில் காட்டுவார். முகம் பெரிதாக வேண்டும் என்றால் தகட்டிலேயே பெரிதாக விழ வேண்டும். முகத்தை நிஜ அளவில் பாதிக்குப் பதிக்க, இந்த லென்ஸை ஆளிடமிருந்து சுமார் 2.3 மீட்டரில் வைக்க வேண்டும். கேமராவின் துருத்தியை 1 மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டும். அப்போது தெளிவாக வரும் ஆழம், ஒரு தோராயக் கணக்கில், 2 செ.மீ. மட்டுமே. கண்ணைப் பிடித்தால் மூக்கு நுனி போகும். மூக்கைப் பிடித்தால் கண் போகும். காதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

துளையைச் சின்னதாக்கலாமே? அதற்கும் அப்போதே வழி இருந்தது. வெவ்வேறு அளவில் ஓட்டை போட்ட உலோகத் தகடுகளை லென்ஸின் நடுவில் செருகும் முறை 1858-லேயே வந்துவிட்டது. எஃப்/32-க்குக் கொண்டுபோனால் ஆழம் நான்கு மடங்காகும், 8 செ.மீ. ஆனால் வெளிச்சம் 16-ல் ஒரு பங்காகிவிடும். அவருடைய எக்ஸ்போஷர் நேரம் ஏற்கெனவே 3 முதல் 7 நிமிஷம். திரை போட்டு ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விடுவது அவருக்குப் பிடிக்கும் என்பதால் அவ்வளவு நேரம் எடுத்தது. 5 நிமிஷத்தை 16-ஆல் பெருக்கினால் 80 நிமிஷம். டென்னிசனாக இருந்தாலும் 80 நிமிஷம் ஆடாமல் உட்கார முடியுமா? அதற்குள் தகடே காய்ந்துவிடும்.

ஆக, இந்த மங்கலில் பாதி இயற்பியல் போட்ட கட்டாயம். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் சின்னத் தகட்டில், குட்டை லென்ஸில், ஆளைத் தள்ளி நிறுத்தி, முழு உருவத்தைச் சில நொடிகளில் தெளிவாக எடுத்துக் கொடுத்தார்கள். ஜூலியாவும் அப்படி எடுத்திருக்கலாம். அவருக்கு முகம்தான் வேண்டியிருந்தது, அதுவும் பெரிதாக. அதற்கு விலை, ஃபோகஸ்.

மீதிப் பாதி?

மீதிப் பாதி அவர் முடிவு. தன் நினைவுக் குறிப்பில் அவர் இதை மறைக்கவில்லை. ஆரம்பத்தில் ஃபோகஸ் தப்பியது தற்செயல்தான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் திருகைத் திருப்பிக்கொண்டே வரும்போது, எந்த இடத்தில் முகம் தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததோ அங்கேயே நிறுத்திவிடுவதாகவும் சொல்கிறார். அதற்கு மேலும் திருப்பினால் கூர்மை கூடும் என்று தெரிந்தே நிறுத்தினார். எல்லோரும் அடம்பிடிக்கிற அந்த ஃபோகஸ் எது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்று ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்திலும் கேட்டிருக்கிறார்.

இதற்காக அவர் எடுத்த எல்லா மங்கல் படத்தையும் வேண்டுமென்றே எடுத்ததாகச் சொல்வதும் சரியில்லை. 1867-ல் எடுத்த தாமஸ் கார்லைல் படத்தைப் பாருங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஆள் அசைந்ததால் வந்த கலங்கல், ஆழம் குறைந்ததால் வந்தது அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஃபோகஸ் மங்கலில் எங்கோ ஓரிடமாவது கூர்மையாக இருக்கும், அங்கிருந்து மெல்ல மெல்லக் கரையும். அசைவில் எல்லாமே ஒரு திசையில் இழுபடும். கார்லைல் படம் பிழையா, சாதனையா என்று இன்னமும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், முகத்தைச் செதுக்கிப் பாதியில் விட்ட கல் மாதிரி இருக்கிறது, பிடித்திருக்கிறது.

அதே 1867-ல்தான் ஹெர்ஷலும் அவர் முன் உட்கார்ந்தார். வெள்ளை முடி பறந்து நிற்க வேண்டும் என்பதற்காகத் தலைக்குக் குளிக்கச் சொல்லி எடுத்ததாகச் சொல்வார்கள். 1868-ல் சார்லஸ் டார்வின் குடும்பத்தோடு ஃப்ரெஷ்வாட்டருக்கு விடுமுறைக்கு வந்தபோது எடுத்த படம், டார்வினுக்கே மிகவும் பிடித்துப்போனது. வீட்டு வேலை செய்த மேரி ஹில்லியரைப் பல படங்களில் அன்னை மரியாளாக நிறுத்தினார். அக்கா மகளோ தங்கை மகளோ, யார் வந்தாலும் பிடித்து உட்கார வைத்துவிடுவார். அப்படி அடிக்கடி மாட்டியவர் ஜூலியா ஜாக்சன், எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் அம்மா.

சங்கம் முகம் சுளித்த அதே காலத்தில் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-லேயே அவர் படங்களை விலைகொடுத்து வாங்கியது. இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதுதான். 1868-ல் ஸ்டூடியோவாகப் பயன்படுத்த அங்கேயே இரண்டு அறைகளும் கொடுத்தது. அவரும் சும்மா இல்லை. 500-க்கும் மேற்பட்ட படங்களுக்குக் காப்புரிமை பதிவு செய்தார், கடை மூலம் பிரின்ட் விற்றார். பொழுதுபோக்குக்கு எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று கேட்கலாம். வீட்டில் பணம் இல்லை. குடும்ப வருமானம் இலங்கைக் காபியை நம்பியிருந்தது. 1869-ல் அங்கே காபி இலைத் துரு நோய் பரவ ஆரம்பித்தது. சில வருஷங்களில் தோட்டம் தோட்டமாக அழித்தது.

களுத்துறைக்குப் போன கேமரா

1875-ல் கேமரன் தம்பதி இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். திரும்பி வருவோமா என்று தெரியாததால் சவப்பெட்டிகளையும் கூடவே எடுத்துப்போனார்கள் என்று ஒரு கதை உண்டு. அங்கே மகன்கள் இருந்தார்கள். களுத்துறையிலும் மலைநாட்டுத் தோட்டத்திலுமாக நாட்கள் போயின. மருந்துகளும் நல்ல தண்ணீரும் கிடைப்பது சிரமம், வெப்பத்தில் கொலோடியன் சீக்கிரம் காய்ந்துவிடும். 11 வருஷத்தில் ஆயிரம் படங்களுக்கு மேல் எடுத்தவர், இலங்கையில் எடுத்ததாக இன்று நமக்குக் கிடைப்பது சுமார் 30 படங்கள்தான்.

1877-ல் களுத்துறை வீட்டுக்கு வந்த தாவர ஓவியர் மரியான் நார்த்தை எடுத்திருக்கிறார். மற்றவற்றில் பெரும்பாலும் இருப்பவர்கள் அக்கம்பக்கத்து மக்கள், வீட்டு வேலை செய்தவர்கள், தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் தமிழர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து போய், காபிக் காலத்தில் மலையேறியவர்கள். ஜூலியாவின் ஃப்ரெஷ்வாட்டர் வீட்டையும், 95 மி.மீ. துளை கொண்ட அந்த லென்ஸையும் தாங்கிய காபிப் பணத்தில் இவர்கள் உழைப்பும் இருந்தது.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் உடனே தெரியும். டார்வினையும் ஹெர்ஷலையும்போல் முகத்தை நெருங்கி எடுத்தவை இங்கே குறைவு. பலவற்றில் ஆளைத் தள்ளி நிறுத்தி, இடுப்புவரையோ முழு உருவமாகவோ எடுத்திருக்கிறார். தள்ளி நின்றால் அதே லென்ஸில் ஆழம் கூடும். உடை, நகை, பின்னால் உள்ள செடி என்று நிறைய விஷயங்கள் தெளிவாகப் பதியும். மங்கலான இங்கிலாந்துப் படங்களைவிட இவற்றில் தகவல் அதிகம். அன்றைய இலங்கைப் பெண்கள் எப்படிச் சேலை கட்டினார்கள் என்றுகூடப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் அந்த 2 செ.மீ. நெருக்கம் இவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. மொழி தெரியாததாலா, வெயிலாலா, முதலாளியம்மா - கூலி என்ற தூரத்தாலா? மூன்றும் இருக்கலாம். மூன்றாவதை விட்டுவிட்டுப் பேச முடியாது என்பது என் எண்ணம்.

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயா பள்ளத்தாக்கில் உள்ள கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். வயது 63. அடுத்த வருஷம் சார்லஸும் போனார். இருவர் கல்லறையும் பொகவந்தலாவையில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் புனித மரியாள் தேவாலயத்தில் இருக்கிறது. ஃப்ரெஷ்வாட்டர் வீடு இப்போது அருங்காட்சியகம்.

இலங்கைப் படங்களும் இன்று இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் எடுத்த படங்களின் கீழே டார்வின் பெயர் இருக்கிறது, வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர் பெயர்கூடத் தெரிகிறது. களுத்துறைப் படங்களில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்குக் கீழே ‘இளம்பெண், இலங்கை’ என்பது போன்ற வரிதான். முகம் தெளிவாக இருக்கிறது, பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.